ரயிலேறாத அணித்தலைவர்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலை வாசித்தவர்கள் அதன் இறுதி அத்தியாயத்தில் வரும் ஒரு சிறு சம்பவத்தை மறந்திருக்கமாட்டார்கள். கிராமத்திலிருந்து டப்ளினுக்குப் படிக்க வந்த டேவின் என்னும் மாணவன், இரவில் தெருவில் நடந்தபடியே தனக்கு நேர்ந்த ஒன்றை ஸ்டீபனிடம் சொல்கிறான். பட்டவன்ட் என்ற ஊருக்கு ஒரு பந்தயம் பார்க்கப் போயிருந்தான். ஊர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டான். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. இருட்டில் மலைப்பாதை வழியே நடக்கிறான். வழியில் ஒரு குடிசையின் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கிறான். ஓர் இளம்பெண் பால் கொண்டுவந்து தருகிறாள். இரவு தங்கிச் செல்லும்படி அழைக்கிறாள். அவன் மறுத்து நடந்துவிடுகிறான்.

அந்தப் பெண்ணைப் பற்றி விமர்சகர்கள் எழுதிக் குவித்த பக்கங்கள் ஏராளம். அவள் அயர்லாந்தின் உருவகம் என்பதில் தொடங்கிப் பலவாறாக வாசித்திருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அவளை நோக்கியே வேகமாகப் பக்கம் புரட்டிப் போனவன்தான். பின்னொரு நாள் மறுவாசிப்பில்தான் அதற்கு முந்தைய வரிகளில் கண் நின்றது. டேவின் பார்க்கப்போன ஆட்டத்தை ஜாய்ஸ் வெறுமனே ‘ஒரு பந்தயம்’ என்று விட்டுவிடவில்லை. ஹர்லிங் என்கிறார், மோதிய இரண்டு அணிகளின் பெயர்களையும் தருகிறார். ஓர் அணியின் பெயரில் குரோக் என்ற பேராயர் இருக்கிறார். மற்றதன் பெயரில் தர்லஸ் என்ற ஊர் இருக்கிறது. ஸ்டீபனுக்கோ ஆட்டத்தில் அக்கறை இல்லை. நடந்த விசித்திரத்தைச் சொல் என்று அவசரப்படுத்துகிறான். யார் வென்றார்கள் என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த அக்கறையின்மையில் எனக்கும் பங்கிருந்ததாக உணர்ந்ததால், தர்லஸ் என்னும் அந்தச் சிற்றூரின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அத்தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், 1887-ஆம் ஆண்டுக்குரிய அகில அயர்லாந்து ஹர்லிங் போட்டி. அயர்லாந்து முழுவதற்குமென நடத்தப்பட்ட முதல் ஹர்லிங் போட்டி அதுதான்.

ஹர்லிங்கைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சொல்லி விளக்குவது கடினம். ஹாக்கியைப் போன்றது என்றால் பாதிப் பொய். ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில் வேரை நோக்கி வளையும் கட்டையிலிருந்து செதுக்கப்பட்ட, நுனி அகன்ற மட்டை; தோல் போர்த்திய சிறு பந்து. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். கையால் பிடிக்கலாம். மட்டையின் அகன்ற நுனியில் பந்தை நிறுத்தி, அது விழாமல் முழு வேகத்தில் ஓடலாம். பலர் ஒரே பந்துக்காக ஒரே கணத்தில் மட்டையை வீசும்போது பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். அல்ஸ்டர் பகுதி வீரகதைகளில் கூஹுலின் என்னும் நாயகன் சிறுவனாக அரண்மனைக்கு வரும்போது கையில் மட்டையும் பந்துமாகத்தான் வருகிறான். அயர்லாந்தின் பழஞ்சட்டங்களில் இந்த ஆட்டத்தில் நேரும் காயங்களுக்கு இழப்பீடு பேசப்படுகிறது. 1366-இல் கில்கென்னியில் இயற்றப்பட்ட சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இதை ஆடக்கூடாது, வில்வித்தை பழகவேண்டும் என்று தடைவிதித்தன. ஆள வந்தவர்கள் ஆளப்படுவோரின் விளையாட்டில் மயங்கிப்போனார்கள் என்பதற்கு அந்தத் தடையைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அயர்லாந்தின் நிலப்பிரபுக்கள் தங்கள் குத்தகைக்காரர்களைக் கொண்டு அணிகள் அமைத்து, பந்தயம் கட்டி, இந்த ஆட்டத்தைப் புரந்தார்கள். பிறகு அவர்கள் கைவிட்டார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் மிச்சத்தைச் செய்தது. பத்து லட்சம் பேர் மாண்டு, அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறிய ஒரு நாட்டில் மட்டையும் பந்தும் எங்கே மிஞ்சும்? சில பகுதிகளில் மட்டும், ஊருக்கு ஒரு விதியாக, ஆட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டாகிய 1847-இல் கிளேர் கவுண்டியின் பாறைநிலத்தில் பிறந்தவர் மைக்கேல் கியூசாக். ஐரிஷ் மொழியில் பேசி வளர்ந்தவர், பள்ளி ஆசிரியர். பின்னர் டப்ளினில் சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். பிரிட்டிஷ் அரசுப் பணித் தேர்வுகளுக்கு இளைஞர்களைத் தயார்செய்வது அவர் தொழில். சாம்ராஜ்யத்துக்கு எழுத்தர்களை உற்பத்திசெய்து அதில் வந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டே அவர் சாம்ராஜ்யத்தின் விளையாட்டுகளை வெறுக்கக் கற்றுக்கொண்டார். அதற்குமுன் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர், குண்டெறிதலில் பரிசுகள் வாங்கியவர் என்பதையும் சொல்லவேண்டும். உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வெளியேறியவரின் கசப்பு அவருடையது. ‘யூலிஸிஸ்’ நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மதுக்கடையில் அமர்ந்து அந்நியரையெல்லாம் வசைபாடி, இறுதியில் புளூமை நோக்கி பிஸ்கட் டப்பாவை வீசும் ‘சிட்டிசன்’ என்ற முரடனுக்கு இவரே முன்மாதிரி என்பார்கள். ஜாய்ஸின் கேலி கூர்மையானது. நியாயமானது என்று சொல்லத் தயங்குகிறேன். உண்மையான கியூசாக்கிடம் அந்தச் சினமும் தற்பெருமையும் இருந்தன. கூடவே ஒரு நல்ல ஆசிரியரின் பொறுமையும் ஒரு காலத்தில் இருந்தது. அதுவே அந்த நாவலில் இல்லை.

1884 ஈஸ்டர் திங்களன்று கியூசாக் தம் டப்ளின் அணியை மேற்கே பாலினஸ்லோ என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். எதிரணி கால்வே கவுண்டியின் கில்லிமோர். ஆட்டம் முழுமையாக நடக்கவே இல்லை. இவர்கள் ஆடியது ஒரு ஹர்லிங், அவர்கள் ஆடியது வேறொரு ஹர்லிங். எது முறையான அடி, எது முரட்டு அடி என்பதில் உடன்பாடில்லாமல் இடையிலேயே கைவிட்டார்கள். தேசிய விளையாட்டு என்று மேடைகளில் பேசப்பட்ட ஒன்றுக்கு அன்று ஒரு பொதுவிதிகூட இல்லை. தேசிய மொழி என்று கொண்டாடப்பட்ட ஒன்றை வெவ்வேறு வட்டாரத்தார் பேசி ஒருவருக்கொருவர் புரியாமல் விழித்ததைப் போன்ற நிலை அது.

அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் என்பவரின் விடுதியில், பில்லியர்ட்ஸ் அறையில் ஒரு சிறு கூட்டம் கூடியது. வந்தவர்கள் ஏழு பேர் என்பது மரபு. கூடுதலாகச் சிலர் இருந்ததாக வாதிடுவோரும் உண்டு. அங்கே தொடங்கப்பட்டதுதான் கேலிக் தடகளச் சங்கம். புகழ்பெற்ற எறிதல் வீரரான மாரிஸ் டேவின் தலைவரானார். கியூசாக் செயலர்களில் ஒருவரானார். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ஆட்சியின் காவல்துறை அதிகாரி. மூன்றாண்டுகளுக்குள் அதே சங்கம் காவல்துறையினரை உறுப்பினராகச் சேர்ப்பதற்குத் தடைபோட்டது. அத்தடை நீங்க 2001 ஆயிற்று. பேராயர் குரோக்கும் அரசியல் தலைவர் பார்னெலும் நிலச் சீர்திருத்தப் போராளி மைக்கேல் டாவிட்டும் சங்கத்தின் புரவலர்களாக இசைந்தார்கள். டேவின் விதிகளை எழுதினார். அணிக்கு 21 பேர், கோலின் அகலம் இவ்வளவு, ஆட்ட நேரம் இவ்வளவு என்று அச்சிலேற்றப்பட்ட விதிகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விளையாட்டைத் தாளில் எழுதிக் கடிகாரத்துக்குள் அடைப்பது விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களின் பழக்கம். கால்பந்துக்கும் ரக்பிக்கும் அவர்கள் செய்த அதையே இவர்கள் ஹர்லிங்குக்குச் செய்தார்கள். ஆங்கிலேய விளையாட்டுகளை எதிர்த்தவர்கள் ஆங்கிலேய முறையிலேயே தங்கள் விளையாட்டை வார்த்தெடுத்தார்கள். இதை முரண் என்று சுட்டிக்காட்டி மகிழ்வது எளிது. எனக்கு அதில் முரணைவிட நடைமுறை அறிவே தெரிகிறது. பாலினஸ்லோவின் அவமானத்துக்குப் பிறகு அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்ன?

இரண்டு முடிவுகள் இந்தச் சங்கத்தைக் கிராமங்களுக்குள் தீப்போல் பரவச்செய்தன. முதலாவது, ஞாயிற்றுக்கிழமை. அதுவரை தடகளப் போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடந்தன. சனிக்கிழமை யாருக்கு ஓய்வு? கனவான்களுக்கு. வயலிலும் பட்டறையிலும் உழைப்பவனுக்கு வாரத்தில் ஒரே நாள்தான். இங்கிலாந்தின் தொடக்ககாலத் தடகள விதிகள் கைவினைஞரையும் கூலியாளையும் வெளிப்படையாகவே ஒதுக்கியிருந்தன. ஞாயிறன்று ஆடுவது புராட்டஸ்டன்ட் மரபினருக்கு ஓய்வுநாளை மீறிய செயலாகப் பட்டது. கத்தோலிக்க விவசாயிக்கோ காலைத் திருப்பலி முடிந்தால் மாலை அவனுடையது. ‘தேசியம்’ என்ற சொல்லைவிட ‘ஞாயிறு’ என்ற சொல்லே அந்தச் சங்கத்துக்கு அதிக ஆட்களைச் சேர்த்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு இன்னும் நுட்பமானது. ஒரு கத்தோலிக்கப் பங்குக்கு ஒரு கழகம். ஒரு கவுண்டிக்குள் கழகங்கள் மோதி வெல்லும் கழகம் அந்தக் கவுண்டியின் பெயரில் நாட்டளவில் ஆடும். பங்கு என்பது மக்களுடையது. ஞானஸ்நானம், திருமணம், கல்லறை எல்லாம் அதற்குள். கவுண்டி அப்படியல்ல. அது நார்மானியர் காலம் தொட்டு 1606 வரை, வரி வசூலுக்காகவும் நீதிமன்றங்களுக்காகவும் ஆட்சியாளர்கள் வரைந்த கோடு. அந்தக் கோட்டுக்குள் பிறந்தவன் என்று சொல்லிப் பெருமைப்பட ஓர் அயர்லாந்து விவசாயிக்குக் காரணமே இருந்ததில்லை. இன்று ஓர் அயர்லாந்துக்காரரிடம் ஊர் எது என்று கேட்டால் கவுண்டியின் பெயரைச் சொல்வார், சொல்லும்போது முகம் மலரும். எழுதுமேசையில் பிறந்த ஒரு கோட்டுக்குள் இத்தனை அன்பு வந்து நிறைந்தது ஹர்லிங் களத்திலிருந்தும் கேலிக் கால்பந்துக் களத்திலிருந்தும்தான். டிப்பரரியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேய நிர்வாகம் 1838-இல் அதை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்தது. சுதந்திர அயர்லாந்திலும் அப்பிரிவு நீடித்தது. 2014-இல்தான் இரண்டு கவுன்சில்களும் ஒன்றாயின. ஆனால் நாட்டளவிலான போட்டியில் 1887 தொடங்கி என்றும் ஒரே டிப்பரரிதான்.

அந்த 1887-க்கு வருவோம். அமைதியான ஆண்டு அது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. குத்தகை குறைக்கப்படாவிட்டால் பணத்தை நிலப்பிரபுவிடம் தராமல் பொதுநிதியில் சேர்ப்பது என்ற போராட்டத் திட்டம் முந்தைய ஆண்டு இறுதியில் தொடங்கியிருந்தது. வீடுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடக்குமுறைச் சட்டம் வந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி டிப்பரரி எல்லைக்கு அருகிலுள்ள மிட்செல்ஸ்டவுனில் பொதுக்கூட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் மூவர் மாண்டனர். இத்தகைய நாட்டில் ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கையில் கட்டையோடு அணிவகுத்துத் திடலுக்குச் செல்கிறார்கள் என்றால் அரசு சும்மா இருக்குமா? ஒற்றர்கள் குறிப்பெழுதினார்கள். அவர்கள் எழுதியது முழுக் கற்பனையும் அன்று. ஆயுதப் புரட்சியை நம்பிய ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவத்தினர், அதாவது ஃபீனியன்கள், சங்கத்தின் நிர்வாகக் குழுவைப் படிப்படியாகக் கைப்பற்றிக்கொண்டிருந்தார்கள்.

கியூசாக் 1886 ஜூலையிலேயே வெளியேற்றப்பட்டுவிட்டார். கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை, கணக்கை ஒழுங்காக வைப்பதில்லை, எல்லோரையும் அவமதிக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள், மூன்றும் உண்மை. ஆக, அவர் கனவுகண்ட முதல் தேசியப் போட்டி நடந்த ஆண்டில் அவர் சங்கத்துக்கு வெளியே, ‘செல்டிக் டைம்ஸ்’ என்ற தம் வாரப் பத்திரிகையில் நிர்வாகிகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் டேவினும் நிர்வாகக் குழுவின் போக்குப் பிடிக்காமல் விலகினார். நவம்பரில் தர்லஸில் கூடிய மாநாட்டில் ஃபீனியன்களுக்கும் குருமார்களுக்கும் கைகலப்பு நேரும் அளவுக்கு வாக்குவாதம் முற்றியது. நீனா ஊரின் அருட்தந்தை ஸ்கான்லன் தலைமையில் குருமார்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஃபீனியன்களின் ஆதரவோடு எட்வர்ட் பென்னட் தலைவரானார். பேராயர் குரோக் தலையிட்டுச் சமரசம் பேசி, 1888 ஜனவரியில் இன்னொரு மாநாடு கூடி, டேவின் மீண்டும் தலைவரான பிறகுதான் மூச்சு விட முடிந்தது. இந்த அமளியில் போட்டியின் இறுதி ஆட்டம் தள்ளிக்கொண்டே போனது. 1887-இன் வாகையர் யார் என்பது 1888-இல் முடிவானதற்கு இதுவே காரணம்.

அகில அயர்லாந்துப் போட்டி என்பது பெயர்தான். தீவின் 32 கவுண்டிகளில் பன்னிரண்டு மட்டுமே பெயர் கொடுத்தன. அவற்றிலும் ஹர்லிங் களத்தில் இறங்கியவை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை கிளேர், கால்வே, கில்கென்னி, டிப்பரரி, வெக்ஸ்போர்ட் ஆகிய ஐந்து. கிளேரையும் கில்கென்னியையும் வென்று டிப்பரரி இறுதிக்கு வந்தது. களத்தில் நின்றவர்கள் தர்லஸ் கழகத்தினர். எதிரே கால்வே, அதன் பெயரில் ஆடியது ஷானன் ஆற்றங்கரையிலுள்ள மீலிக் கழகம்.

இடம், பிர் என்ற ஊர். அதன் அன்றைய அதிகாரபூர்வப் பெயர் பார்சன்ஸ்டவுன். அங்கே கோட்டைகட்டி வாழ்ந்த பார்சன்ஸ் குடும்பத்தின் பெயரால். அக்குடும்பத்துப் பிரபு ஒருவர் 1845-இல், பஞ்சம் தொடங்கிய அதே ஆண்டில், 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியைத் தம் தோட்டத்தில் நிறுவினார். 1917 வரை உலகில் அதைவிடப் பெரியது இல்லை. அந்தப் பகுதியின் பெயர் அரசன் கவுண்டி. விடுதலைக்குப் பிறகுதான் அது ஆஃபலி ஆனது. ஊரின் விளிம்பில் கிரிங்கில் என்ற இடத்தில் பெரும் படைமுகாம். லீன்ஸ்டர் ரெஜிமெண்டின் தலைமையிடம் அது. அந்த ரெஜிமெண்டின் ஒரு பாதி, கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாயில் திரட்டிய ஐரோப்பியக் காலாட்படையின் வழிவந்தது. 1921 ஆகஸ்டில் சென்னை மாகாணத்தின் மலபாரில் மாப்பிளாக் கிளர்ச்சியை ஒடுக்கப் பூக்கோட்டூருக்கு அனுப்பப்பட்டவர்களும் இதே ரெஜிமெண்டினர்தான். அதே நேரத்தில் அவர்களுடைய சொந்த நாட்டில் பிரிட்டிஷாருடன் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மறு ஆண்டு ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது, முகாமும் எரிந்தது. அரசன் பெயர் கொண்ட கவுண்டியில், பிரபுவின் பெயர் கொண்ட ஊரில், படைமுகாமின் அருகில் முதல் தேசிய இறுதி ஆட்டம் நடந்தது என்பதற்கு யாரும் திட்டமிட்ட அர்த்தம் எதுவும் இல்லை. டிப்பரரிக்கும் கால்வேக்கும் நடுவில் வசதியான ஊர், அவ்வளவே.

1888 ஏப்ரல் 1. ஈஸ்டர் ஞாயிறு.

தர்லஸ் அணிக்கு அதுவரை தலைமை தாங்கியவர் டெனிஸ் மாஹர். தர்லஸுக்கு அருகிலுள்ள கில்லினன் பகுதிக்காரர். இறுதி ஆட்டத்துக்குச் செல்லும் ரயில் கட்டணத்தை யார் கொடுப்பது என்பதில் தகராறு எழுந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் கைப்பணத்தில் போகவேண்டும் என்ற நிலை வந்தபோது மாஹரும் அவரோடு சில ஆட்டக்காரர்களும் வரமுடியாது என்று நின்றுவிட்டார்கள். அவர்களுடைய இடங்களுக்கு வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஜிம் ஸ்டேபிள்டன் என்பவரைத் தலைவராக்கி அணி பிர்ருக்குப் புறப்பட்டது.

விளையாட்டு வரலாற்று நூல்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுகின்றன. ஸ்டீபனைப் போல. எனக்கோ அந்த ஆண்டின் கதையில் வேறெதையும்விட இதுவே முக்கியமாகப் படுகிறது. சனிக்கிழமையை ஞாயிறாக்கியவுடன் ஏழைக்கு விளையாட்டின் கதவு திறந்துவிட்டது என்று சற்றுமுன் எழுதினேன். அந்தக் கதவு தன் ஊர்த் திடலுக்குத்தான் திறந்தது. தேசம் என்ற திடல் பிர்ரில் இருந்தது. அதற்கு ரயிலேற வேண்டும். ரயிலுக்குப் பணம் வேண்டும். குத்தகை கட்டமுடியாமல் வீடுகள் இடிக்கப்பட்ட காலத்தில், ஓர் ஆட்டத்துக்காகக் கைக்காசைச் செலவழி என்று சொல்லப்பட்டவர்கள் முரண்டு பிடித்ததில் வியப்பென்ன? மாநாடுகளில் குருமார்களும் ஃபீனியன்களும் அயர்லாந்தின் ஆன்மா யாருக்குச் சொந்தம் என்று மோதிக்கொண்டிருந்தார்கள். பயணச்சீட்டு யாருடைய பொறுப்பு என்பதை யாரும் தீர்மானித்து வைத்திருக்கவில்லை. தேசியத்தைப் பற்றி எழுதப்பட்ட பெருநூல்களில் பொது உணர்வு, பொது நினைவு, அச்சுமொழி என்றெல்லாம் படிக்கிறோம். ரயில் கட்டணம் என்ற தலைப்பில் ஓர் அத்தியாயத்தை நான் இன்னும் எதிலும் பார்க்கவில்லை. மாஹர் தவறு செய்தாரா? கழகத்தார் கஞ்சத்தனம் செய்தார்களா? இரு தரப்புமே இல்லாத பணத்துக்காகச் சண்டையிட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹோர் என்பவரின் வயல் என்று அழைக்கப்பட்ட புல்வெளியில் அணிக்கு 21 பேர் நின்றார்கள். பேட்ரிக் வைட் என்பவர் நடுவர். அக்காலத்தில் ஒரு கோல், எத்தனை புள்ளிகளானாலும் அத்தனையையும்விட உயர்ந்தது. கோலுக்கு ஐந்து புள்ளி என்று 1892-இலும் மூன்று புள்ளி என்று 1896-இலும்தான் வரையறுத்தார்கள். ஆகவே முழு ஆட்டமும் அந்த ஒரு கோலுக்கான முற்றுகையாகவே இருந்திருக்கும். அதை அடித்தவர் தர்லஸின் டாமி ஹீலி. டிப்பரரிக்கு ஒரு கோல், ஒரு புள்ளி, கால்வேக்கு எதுவுமில்லை. இன்றைய இறுதி ஆட்டங்களில் இரு தரப்பும் சேர்ந்து ஐம்பது முறைக்கு மேல் பந்தைக் கம்பங்களுக்கிடையே அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாகப் படும். நீள்மட்டைகளும் கனத்த பந்தும் உழவர்களின் தோள்களுமாக, இடைவெளியற்ற ஒரு மல்லாட்டத்தைத்தான் கற்பனைசெய்ய வேண்டும்.

முதல் ஆண்டே இப்படி என்றால் இரண்டாம் ஆண்டு அதையும் மிஞ்சியது. 1888-இன் போட்டியை மாநிலவாரியாக ஒழுங்குபடுத்தித் தொடங்கினார்கள். செப்டம்பரில் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர்களும் தடகள வீரர்களுமாக ஏறத்தாழ ஐம்பது பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். புலம்பெயர்ந்த அயர்லாந்துக்காரர்களிடம் நிதிதிரட்டி, பண்டைய டால்ட்டன் விழாவை மீண்டும் நடத்துவது நோக்கம். மழையும் குளிரும், அமெரிக்கத் தடகள அமைப்புகளுக்கிடையிலான பூசலும், அந்நாட்டு அதிபர் தேர்தலின் ஆரவாரமும் சேர்ந்து வசூலைக் கெடுத்தன. திரும்பிவரக் கப்பல் கட்டணம் இல்லை. மைக்கேல் டாவிட் 450 பவுண்டு கடன் கொடுத்து அவர்களை மீட்கவேண்டியதாயிற்று. கணிசமானோர் திரும்பவே இல்லை, அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். முதல் ஆண்டில் ரயில் கட்டணம், இரண்டாம் ஆண்டில் கப்பல் கட்டணம். 1888-இன் ஹர்லிங் போட்டி முடிக்கப்படவே இல்லை. அகில அயர்லாந்து வாகையர் பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேராகப் பெயர் கிடையாது.

1923-இல் நோபல் ஏற்புரையில் யேட்ஸ், நவீன ஐரிஷ் இலக்கியம் பார்னெலின் வீழ்ச்சியில் தொடங்கியது என்றார். அரசியலில் ஏமாந்த தலைமுறை கவிதைக்கும் நாடகத்துக்கும் திரும்பியது என்பது அவர் தரப்பு. இலக்கிய மாணவர்களாகிய நாம் அதை வேதவாக்காகவே கற்றும் கற்பித்தும் வருகிறோம். ஆனால் 1891 அக்டோபரில் பார்னெலின் சவ ஊர்வலத்தில் சுமார் 2,000 ஹர்லிங் ஆட்டக்காரர்கள் மட்டைகளைத் தலைகீழாக ஏந்தி நடந்தார்கள். கவிஞர்கள் திரும்பிப்பார்க்கும் முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். அதற்குமுன் ஏழாண்டுகளாகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, பிளந்து, கூடி, பாதியில் நின்றுபோன போட்டிகளை நடத்திக்கொண்டு இருந்தார்கள். கேலிக் மொழிச் சங்கம் தோன்றியது 1893-இல். ஆபி நாடக அரங்கம் திறந்தது 1904-இல். ஜாய்ஸுக்கு இது தெரிந்திருந்தது. டேவின் என்ற அந்த மாணவனைக் கியூசாக்கின் காலடியில் பாடம் கேட்டவன் என்றே அவர் அறிமுகம் செய்கிறார். ஏளனம் கலந்துதான், ஆனாலும் பெயர்கள் பிசகாமல்.

பிர்ரில் வென்றவர்களுக்குரிய பதக்கங்கள் உடனே கிடைக்கவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்தே அவை வந்துசேர்ந்தன. அதற்குள் விதிகள் மாறி, அணிக்கு 21 பேர் என்பது 17 ஆகி, பின்னர் 1913-இல் 15 ஆகிவிட்டது. இன்று அகில அயர்லாந்துப் போட்டியை வென்ற அணித்தலைவர்களின் வரிசை ஜிம் ஸ்டேபிள்டனின் பெயரோடு தொடங்குகிறது. டெனிஸ் மாஹரின் பெயர், அவரைக் குறிப்பிடும் நூல்களில், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் வருகிறது.